ஆர்ர வீடு?

1

போன புரட்டாதி மாதம், பள்ளிக்கூடம் விட்ட நேரம், என் பஸ்ஸின் கடைசி ஆசனத்தில் இருந்த நோர்வேப் பிள்ளைகள் மட்டக்களப்புத் தமிழில் கத்தினார்கள்.

நம்பமாட்டீர்கள் என்று தெரியும். நானும் நம்பவில்லை. நான் பேர்கன் நகரத்தில் பஸ் ஓட்டுகிறவன். மழை பெய்யாவிட்டால்தான் ஆட்கள் அண்ணாந்து பார்க்கிற ஊர் இது. பின்னால் பிள்ளைகள் போடும் சத்தத்தைக் காதில் வாங்காமல் ஓட்டிப் பழகிவிட்டேன். அன்றைக்கு மட்டும் கை தானாகவே ஸ்டியரிங்கில் இறுகியது. "ஆர்ர வீடு? ஆர்ர வீடு?" என்று ஒரு கூட்டமே கத்துகிறது. எல்லாம் பொன்னிறத் தலைகள், முதுகில் பள்ளிப் பைகள். யாருடைய வீடு என்று கேட்பதை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். கொழும்பில் நின்று அப்படிக் கேட்டால்கூட ஒருமாதிரிப் பார்ப்பார்கள். பேர்கனில், பஸ்ஸுக்குள், அதுவும் இவர்கள்!

கடைசித் தரிப்பிடத்தில் இறங்கப்போன ஒரு பிள்ளையை மறித்து, அது என்ன என்று கேட்டேன். அவள் போனை நீட்டினாள். பாரிஸிலோ எங்கோ ஒரு பெடியன் தன் வீட்டுக் கதவை டக் டக் டக் என்று தட்டிவிட்டு ஆடுகிறான். பின்னால் ஒரு தமிழ்ப் பெட்டையின் குரல், மூச்சு விடாமல் ராப் பாடுகிறது.

மாடி வீடு, மாபிள் தரை, மனுசர் இல்ல மச்சாள்!
பல்லிக்கொரு அறை, பாம்புக்கொரு அறை, பங்கு வச்சாச்சாம்!
ஆர்ர வீடு? ஆர்ர வீடு?
பூட்டிப் போன பெரியவர்ர வீடு!

இந்தத் துண்டுக்கு உலகம் முழுக்க ஆடுகிறார்களாம். கதவைத் தட்ட வேண்டும், கத்த வேண்டும், ஆட வேண்டும், அவ்வளவுதான். அர்த்தம் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்று தோளைக் குலுக்கிவிட்டு இறங்கிப் போனாள்.

எனக்கு வந்த சந்தோசத்தை எப்படிச் சொல்வது? இங்கே என் நண்பர்கள் எல்லோரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். நல்ல மனிதர்கள், ஆனால் நான் வாயைத் திறந்தால் போதும், "மட்டக்களப்பார் கதைக்கிறாரோ, பாடுறாரோ?" என்று பகிடி தொடங்கிவிடும். அவர்களுக்குப் பயந்தே என் வாயிலிருந்து எத்தனையோ ஊர்ச் சொற்கள் கழன்று விழுந்துவிட்டன. இப்போது உலகமே எங்கள் பேச்சில் பாடுகிறது. விடுவேனா? எனக்குத் தெரிந்த குழுமம் எல்லாவற்றிலும் அந்தத் துண்டைப் போட்டேன். "எங்கட ஊர்ப் புள்ளையாம், கேளுங்க" என்று மேலே எழுதினேன். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் நின்று நானே கைதட்டிப் பாடியும் காட்டினேன்.

"ஆற்றை வீடாம் அது?" என்று ஒரு நண்பர் தன் யாழ்ப்பாணப் பேச்சில் கேட்டார்.

"எந்த மடையன்ட வீடோ," என்றேன். "வெளிநாட்டில இரிந்துகொண்டு கட்டிப் பூட்டி வச்சிரிப்பான்." எல்லோரும் சிரித்தோம். நான்தான் கூடச் சிரித்தேன்.

2

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்குத்தான். தாயின் வீடு மகளுக்குப் போகும். ஆண்பிள்ளை கலியாணம் கட்டி மனைவியின் வீட்டுக்குப் போவான். களுவாஞ்சிக்குடிக்குப் பக்கத்தில், வாவிக் கரையோரம் இருந்த அம்மாவின் வீடு அப்படித்தான் என் அக்கா யோகத்துக்குப் போனது. பள்ளக் காணி. மழைக்காலத்தில் வளவுக்குள் தவளை கத்தும். அத்தான் வாவியில் வலை போடுகிறவர், அதனால் அவருக்கு அந்த இடம் வசதி. ஒரே மகள், தர்சிகா.

பெண்பிள்ளை பிறந்தால் எங்கள் ஊர்த் தகப்பனுக்கு முதலில் கண்ணில் தெரிவது பிள்ளையின் முகம் அல்ல, கட்ட வேண்டிய வீட்டின் அத்திவாரம். என் மகள் மீரா இங்கே, பேர்கன் ஆஸ்பத்திரியில் பிறந்தாள். வெளியே பனி கொட்டுகிறது. நான் பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு, அக்கா வீட்டுக்கு எதிர் வளவு விலைக்கு வருமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மனைவி வசந்தி இதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். அவள் மட்டக்களப்பு நகரத்துப் புளியந்தீவில் பிறந்தவள், வாய்க்காரி.

வளவை வாங்கினேன். லோட் லோடாய் மண் அடித்து உயர்த்தினேன். வாவி எவ்வளவு எழும்பினாலும் முதல் படியைத் தொடக்கூடாது என்று மேசனுக்குச் சொன்னேன். மாடி வைத்தேன், மாபிள் போட்டேன். வாசல் கேற் தூண்களுக்கு மேலே இரண்டு சீமெந்து யானைகள் வைத்தேன். யானை வேண்டாம் என்று வசந்தி சண்டை பிடித்தாள். நான் கேட்கவில்லை. கட்டிலும் அலுமாரியும் வாங்கி, கடையில் சுற்றித் தந்த பொலித்தீன்கூடக் கழற்றாமல் வைத்தேன். அதைக் கழற்ற வேண்டியவள் மணப்பெண். வீட்டுக்கு இன்னும் குடிபூரவில்லை, புதுமனை புகவில்லை. மீராவின் கலியாணத்தோடு பால் காய்ச்சிக் குடிபூருவது என்று முடிவு. அதுவரை அந்தக் குசினியில் ஒருவரும் அடுப்பு மூட்டக்கூடாது, ஒருவரும் அங்கே படுக்கக்கூடாது. நாங்கள் லீவில் போனால்கூட வசந்தியின் தங்கை வீட்டில்தான் தங்குவோம். திறப்பு, அதாவது சாவி, அக்காவிடம். வெள்ளிக்கிழமைகளில் திறந்து, கூட்டித் துடைத்து, விளக்குக் கொளுத்திவிட்டுப் பூட்டுவாள்.

இதை ஒருமுறை நோர்வே வரித் திணைக்களத்தில் விளங்கப்படுத்த வேண்டி வந்தது. வெளிநாட்டில் சொத்து இருந்தால் இங்கே சொல்ல வேண்டும். கண்ணாடி போட்ட ஒரு இளம் பெண் எனக்கு எதிரே இருந்தாள்.

வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். ஒருவரும் இல்லை என்றேன். வாடகை வருகிறதா? இல்லை. அப்படியானால் லீவில் போய்த் தங்குவீர்களா? இல்லை, மனைவியின் தங்கை வீட்டில் தங்குவோம். பின் எதற்கு இந்த வீடு? மகளின் கலியாணத்துக்கு. கலியாணம் எப்போது?

"அவள் இப்போது நாலாம் வகுப்புப் படிக்கிறாள்," என்றேன்.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, 'கோடை வீடு' என்று பதிந்துவிட்டாள். வெளியே வந்து நான் தனியே சிரித்தேன். பாவம், இவர்களுக்கு ஒன்றும் விளங்காது என்று நினைத்தேன்.

3

பாட்டைப் பரப்பிய அடுத்த கிழமை, நான் சவரம் செய்துகொண்டிருக்கும்போது வசந்தி குளியலறை வாசலில் வந்து நின்றாள்.

"இஞ்ச பாருங்க," என்றாள். குரல் ஒருமாதிரி இருந்தது. "அந்தப் பாட்டுட முழு வீடியோ வந்திரிக்கி. யானையப் பாருங்க."

பார்த்தேன். என் யானைகள்.

கையில் இருந்த சவரக் கத்தி கன்னத்தை வெட்டிவிட்டது. அது வெட்டியதுகூட எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கேற் திறக்கிறது. என் படிக்கட்டு. என் மாபிள். பொலித்தீன் சுற்றிய என் கட்டிலைக் கமரா சுற்றிச் சுற்றிக் காட்டுகிறது. டும் டும் என்று கேட்கிற அந்த மேளம், என் மொட்டைமாடியில் இருக்கும் வெறும் தண்ணீர்த் தாங்கி. அதில் இரண்டு கையாலும் அடிக்கிறாள் ஒருத்தி. தலையை மூடும் தொப்பி வைத்த சட்டை, முகத்தில் ஒரு துணிச்சல். என் அக்கா மகள் தர்சிகா. என் மருமகள்!

அந்த மடையன் நான்தான். என்னைப் பற்றிய நையாண்டியை என் கையாலேயே நோர்வே முழுக்க அனுப்பி, வாசலில் நின்று கைதட்டியும் பாடியிருக்கிறேன். போன் நடுங்கத் தொடங்கியது. முதல் செய்தி, தமிழ்ப் பள்ளி வாசலில் கேள்வி கேட்ட அதே நண்பர்: "அண்ணை, யானையளைப் பாத்தால் எங்கேயோ பாத்த யானையள் மாதிரிக் கிடக்கு." அவருக்குத் தெரியாமல் போகுமா? வீடு கட்டி முடிந்த நாளில் அந்த யானைகளின் படத்தை ஆளாளுக்குக் காட்டித் திரிந்தவன் நான்.

கோபம் மூக்குக்கு மேல் ஏறி நிற்க, அப்படியே அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"ஆரக் கேட்டு வீட்டத் திறந்த நீங்க?"

அக்காவோடு நான் ஒருநாளும் அப்படிக் கதைத்ததில்லை. அவள் திகைத்துப் போனாள். "என்னடா தம்பி? நான் கூட்டப் போற நேரம் புள்ளையும் வாறவள். மேல் அறையில சத்தமே இல்லையாம், பாட்டுப் பதியிறதுக்கு நல்லமாம். ஒண்டையும் பழுதாக்கல்ல. நான் பாத்துக்கொண்டுதான் இரிந்தன்."

"பாட்டக் கேட்டீங்களா?"

"கேட்டன். புயல் வேகத்தில சொல்றாள், எனக்கு ஒண்டும் விளங்கல்ல. எல்லாரும் நல்லா இரிக்கெண்டுதான் சொல்றாங்க. உன்ட வீடு உலகமெல்லாம் தெரியுதாமே. உனக்குச் சந்தோசமா இரிக்கும் எண்டெல்லோ நான் நினச்சன்."

அவள் அதை மனதாரச் சொன்னாள். பிறகு எடுக்கிறேன் என்று போனை வைத்தேன்.

"ஏன் அவட்ட கத்துறீங்க?" என்றாள் வசந்தி. "நீங்க அந்தத் துண்டு மட்டும்தானே கேட்டீங்க. மற்றதயும் கேளுங்க முதல்ல."

வேகமான பாட்டு. எனக்கு விளங்கவேண்டும் என்று அவள் நிறுத்தி நிறுத்திப் போட்டாள்.

மார்கழி வந்திச்சு, வாவியும் வந்திச்சு,
கட்டிலுக்கு மேல கதிர, கதிரைக்கு மேல கோழி,
எதிர்வளவில மாடி வீடு, ஈரமில்லாப் படிக்கட்டு,
திறப்பு எங்கட சாமித் தட்டில,
நாங்க பள்ளிக்கூடத்து வாங்கில!

"இது எப்ப?" என்று வசந்தியைக் கேட்டேன். கேட்கும்போதே தெரிந்துவிட்டது. அதற்கு முந்தின மார்கழி வெள்ளம். அந்தக் கிழமை நான் அக்காவோடு கதைத்தேன். பின்னால் ஒரே சனச் சத்தமாக இருந்தது. எங்கே நிற்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. "வீட்டுக்குத் தண்ணி வந்திட்டா?" என்று கேட்டேன். "இல்ல தம்பி, உன்ட வீட்டுக்கு ஒண்டும் இல்ல. நீ பயப்படாத," என்றாள் அக்கா. எந்த வீட்டை நான் கேட்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அன்றைக்குப் பின்னேரமே ஒரு படமும் வந்தது. சுற்றிவர ஒரே வெள்ளம், நடுவில் என் வீடு, முதல் படி காய்ந்து கிடக்கிறது. என் திட்டம் எப்படி வேலை செய்திருக்கிறது பாருங்கள் என்று அந்தப் படத்தை டிப்போவில் எல்லோருக்கும் காட்டினேன்.

அக்காவுக்குத் திரும்ப எடுத்தேன். இந்த முறை கத்தவில்லை.

"அக்கா, போன வெள்ளத்துக்கு நீங்க பள்ளிக்கூடத்து வாங்கிலயா படுத்த?"

"ஓம். ஊரே அங்கதானே. சோறு குடுத்தாங்க, நல்லாப் பாத்தாங்க."

"முன்னால வீடு இரிக்கி. திறப்பு உங்கட கையில. ஏனக்கா போகல்ல?"

நான் ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டதுபோல அவள் குரல் ஏறியது.

"என்ன கதை கதைக்கிறாய் நீ?" என்றாள். "குடிபூராத வீடு. மருமகள் மீராவுக்கெண்டு கட்டின வீடு. அதுக்குள்ள நாங்க போய் சட்டி பானையோட கிடக்கிறதா? மறுகா அந்தப் புள்ளைக்கு ஒரு கலியாணம் தட்டிப்போனாலும் என்ட மனம் என்னைக் கொல்லும்."

நான் போகாதே என்று சொன்னவன் இல்லை. அதை வசந்தியிடம் பலமுறை சொன்னேன். போகாதே என்று ஒருநாளும் சொல்லவில்லை, ஒருநாளும் சொல்லவில்லை. போ என்று சொன்னீங்களா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம்.

4

பாட்டில் மூன்றாவதாக ஒரு பகுதி இருந்தது. அதில் குரல் மாறுகிறது. தர்சியின் குரல் கனத்தது, இது மெல்லியது, கொஞ்சம் வழுக்குகிறது. வீடியோவில் இவளைக் காட்டவில்லை, ஜன்னலில் மழை வழிவதை மட்டும் காட்டுகிறார்கள்.

என்ட பேர்ல ஒரு வீடாம், என்னட்ட ஆரும் கேக்கல்ல,
எந்தப் பக்கம் வாசலெண்டு எனக்கே இன்னும் தெரியல்ல,
கட்டிலுக்குப் பொலித்தீன் சுத்தி, அலுமாரிக்குப் பொலித்தீன் சுத்தி,
கலியாணம் முடியுமட்டும் என்னையும் வையுங்க சுத்தி!

"இந்தப் புள்ள ஆர்? தர்சிட சிநேகிதியா?" என்று கேட்டேன்.

வசந்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "உங்கட மகள்."

நான் இல்லை என்றேன். மீராவாவது, இப்படித் தமிழ் பேசுவதாவது! அவள் தாதிப் படிப்புப் படிக்கிறாள். சிநேகிதிகளோடு வேறு வீட்டில் இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் சோறு சாப்பிட மட்டும் வருகிறவள். எங்களோடு பேசுவது நோர்வேஜிய மொழியில். என்னோடு தமிழ் என்றால் 'ஓம் அப்பா', 'இல்ல அப்பா', 'போதும் அப்பா', அவ்வளவுதான். தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனதெல்லாம் வீண் என்று நான் கைவிட்டே எவ்வளவு காலம். ஒருமுறை அக்காவிடம் போனில், "மாமி, நீ சாப்பிட்டியா?" என்று கேட்டு என்னைத் தலைகுனிய வைத்தவள் இவள். மீண்டும் போட்டுக் கேட்டேன். ஜன்னல், அதில் வழிகிற மழை. அது எங்கள் வீட்டு ஜன்னல். அவளுடைய பழைய அறை. பெற்ற தகப்பனுக்குப் பிள்ளையின் குரல் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். சோற்றைப் போட்டுக்கொண்டு இருந்தாள். நான் சாப்பிடவில்லை.

"அந்தக் குரல் நீயா?"

"ஓம் அப்பா."

"ஆர் உனக்கு இந்தத் தமிழ் படிப்பிச்ச?"

"தர்சி மச்சாள்." நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் பயம் இல்லை. "எனக்கு ஒவ்வொரு நாளும் குரல் பதிஞ்சு அனுப்புவா. நான் திருப்பிச் சொல்லி அனுப்புவன். பிழையாச் சொன்னா நல்லாச் சிரிப்பா, மறுகா திரும்பச் சொல்லித் தருவா."

மறுகா! பிறகு என்பதற்கு எங்கள் ஊரில் சொல்வது. யாழ்ப்பாணத்து நண்பர்களின் பகிடிக்குப் பயந்து நான் விட்டுவிட்ட சொல். பேர்கனில் பிறந்தவள் அதைச் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு பருப்புக் கறி விடுகிறாள். கோபத்தோடு இருந்தவன், அந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறித்தான் போனேன். ஆனாலும் விடவில்லை.

"என்னட்ட நேர சொல்லியிரிக்கலாமே? ஊரெல்லாம் என்ட மானத்த வாங்கணுமா?"

"சொன்னன் அப்பா. எனக்கு வீடு வேணாம், மாமியாக்கள் இரிக்கட்டும் எண்டு சொன்னன். நீங்க சிரிச்சீங்க. உனக்கு இப்ப விளங்காது எண்டு சொன்னீங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "பாட்டில உங்கட பேர் எங்கயும் இல்ல. நாங்க அத கவனமாப் பாத்தம். யானைய நீங்கதான் எல்லாருக்கும் காட்டி வச்சிரிக்கீங்க."

வசந்தி குசினிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரித்தாள் என்று எனக்குத் தெரியும்.

"அப்பா, அந்தப் போட்டோ. வெள்ளத்துக்க வீட்டுப் படிய எடுத்தது. அது ஆர் எடுத்த எண்டு தெரியுமா?"

"தெரியாது."

"தர்சி. பள்ளிக்கூடத்தில இரிந்து இடுப்பளவு தண்ணிக்குள்ளால நடந்து போனவ. மாமி அழுதவவாம். தம்பி வீட்ட நினச்சு ஏங்கிப் போயிருவான், ஒரு படம் எடுத்து அனுப்பு எண்டு. தர்சி போய்ப் படம் எடுத்திட்டு, அந்தப் படியில கொஞ்ச நேரம் இரிந்தவவாம். அங்கதான் முதல் வரி வந்தது எண்டு சொன்னா."

நான் எழும்பிப் போய் முகம் கழுவினேன். தண்ணீரை விட்டுவிட்டு அப்படியே நின்றேன். டிப்போவில் நான் அந்தப் படத்தைக் காட்டிய ஒவ்வொரு முகமும் நினைவுக்கு வந்தது. எல்லோரும் நல்ல திட்டம் என்று பாராட்டினார்கள். முதலைக்கும் பாம்புக்கும் அந்தப் பெட்டை பயந்திருக்கமாட்டாளா? எனக்கு அந்த நேரம் வந்த வெட்கத்தை எழுத வராது.

5

கார்த்திகையில் ஊரில் மழை பிடித்துவிட்டது. வாவி எழும்புகிறது என்றும், தண்ணீர் கடலுக்கு ஓட முகத்துவாரத்தை இன்னும் வெட்டிவிடவில்லை என்றும் செய்தி வந்தது. நான் அக்காவுக்கு எடுத்து, இன்றைக்கே சாமானைத் தூக்கிக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போங்கள் என்றேன். மீரா எனக்குப் பக்கத்தில் இருந்தாள்.

அக்கா மாட்டேன் என்றாள். அதட்டினேன், கெஞ்சினேன். "நீ சொல்றது சரிதான்டா. ஆனா புள்ளைக்கு ஆகாது. பால் காச்சட்டும், அவள் வந்து காலெடுத்து வைக்கட்டும், மறுகா பாப்பம்," என்று அதிலேயே நின்றாள். நான் கட்டிய வேலி. அதற்குள் நானே இப்போது நுழைய முடியவில்லை.

மீரா என் கையில் இருந்த போனை வாங்கினாள்.

"மாமி, நத்தார் லீவுக்கு நான் வாறன். நானே பால் காச்சுறன்."

"நீ தனியாவா? மாப்பிள்ளை இல்லாமலா?"

"வீடு என்ட பேர்லதானே மாமி. மாப்பிள்ளைட பேர்லயா இரிக்கி?"

கலியாணமாகாத பெட்டை தன் சீதன வீட்டுக்குத் தானே பால் காய்ச்சிக் குடிபூருவதா? இப்படி ஒன்றை நான் கேள்விப்பட்டதில்லை. ஊர் வாயை மூடுமா? நான் அவளைத் தடுக்க வாயெடுத்தேன். ஆனால் என்ன சொல்லித் தடுப்பது? வீடு பெண்ணுக்குத்தான் என்று அவள் பிறந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பவன் நான்தான். போனில் அக்கா, "அப்பனப்போல பிடிவாதம்," என்று சொல்லிச் சிரித்தாள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்துக் கேட்டேன்.

மீரா போனாள். எனக்கு லீவு கிடைக்கவில்லை. நத்தார் என்கிற கிறிஸ்மஸ் காலத்தில் சாரதிகளுக்குத் தட்டுப்பாடு. ஊரில் பகல் சுபநேரம், இங்கே காலை. வேலை தொடங்குமுன் டிப்போவின் தேநீர் அறையில் போனோடு இருந்தேன். அங்கே தர்சி போனைப் பிடித்திருந்தாள். "மாமா, தெரியுதா?" என்றாள். பாட்டைப் பற்றி அவளும் கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை. தெரிகிறது என்றேன். சோவென்று மழை. அக்காவின் வளவுக்குள் தண்ணீர் ஏறிவிட்டதாம். அத்தான் தோளில் கோழிக் கூட்டைச் சுமந்துகொண்டு இரண்டு வளவுக்கும் நடுவில் உள்ள ஒழுங்கையைக் கடப்பது தெரிந்தது.

மீரா மஞ்சள் சேலையைத் தாறுமாறாகச் சுற்றிக்கொண்டு குசினியில் நின்றாள். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. யாரோ குரவை இட்டார்கள். அவள் அப்படியே மேலே ஓடினாள், தர்சியும் போனோடு பின்னால் ஓடினாள். கட்டிலைச் சுற்றியிருந்த பொலித்தீனை மீரா நகத்தால் கிழித்தாள். அந்தச் சத்தம் பேர்கன்வரை கேட்டது. இரண்டு பெட்டைகளும் கட்டிலில் விழுந்து சிரித்தார்கள். நானும் இங்கே இருந்து சிரித்துவிட்டேன். பக்கத்தில் கோப்பி குடித்துக்கொண்டிருந்த சாரதி என்ன விசேஷம் என்று கேட்டார். என் மகளுடைய வீடு என்று சொன்னேன்.

"அக்கா எங்க?" என்று கேட்டேன்.

தர்சி தேடிக்கொண்டு கீழே வந்தாள். அத்தான் விறாந்தையில் கோழிகளோடு இருந்தார். அயலட்டைச் சனம் பால் வாங்கிக் குடித்தது. அக்கா உள்ளே இல்லை. தர்சி போனை வாசல் பக்கம் திருப்பினாள். அக்கா மழைக்குள், கடைசிப் படியில் நின்றாள். தலையில் ஒரு பாய்ச் சுருள், கையில் அரிசிப் பானை. நனைந்துபோய் நின்றாள்.

"உள்ள வாங்கம்மா," என்று தர்சி கத்தினாள்.

அக்கா போனைப் பார்த்தாள். அதற்குள் இருக்கும் என்னைப் பார்த்தாள்.

"தம்பி," என்றாள். "காலெல்லாம் சேறா இரிக்கி. உள்ள வரட்டா?"

தேநீர் அறையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி, "வாங்கக்கா, வாங்க, வாங்க" என்று தமிழில் கத்தினேன். அவள் வரவில்லை. நான் கத்திக்கொண்டே இருக்க, பாயையும் பானையையும் கீழே வைத்துவிட்டுக் குனிந்து, சேலைத் தலைப்பால் காலைத் துடைத்தாள், துடைத்தாள், துடைத்துக்கொண்டே நின்றாள்.